யார் செத்தால் விழிப்பீர்கள்

கோல்டு ரூமில் ஆளைக் கொல்வது குளிர் இல்லை, தூக்கம்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். விரல் விறைப்பது, மூக்கு நுனி எரிவது எல்லாம் முதலில் கொஞ்ச நேரம். பிறகு உடம்புக்குள் ஒரு சுகம் வரும். இறால் பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் என்ன என்று தோன்றும். அப்படி உட்கார்ந்தவன் தானாக எழுந்து நான் பார்த்ததில்லை.

அதனால் முன்பெல்லாம் இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே போவோம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நிற்கிற இறால் கம்பெனி அது. வெளியே உப்புக்காற்றும் வெயிலும். உள்ளே வரிசையாகக் கோல்டு ரூம்கள். என் ஜோடி தொபியாஸ் அண்ணன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷர். நெஞ்சில் சளி கட்டி மூச்சு குறைந்த பிறகு, மகன்கள் படகை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். கம்பெனி லைன் வீட்டில் அவருக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும்.

ஆளுக்கொரு பக்கமாகப் பெட்டி அடுக்குவோம். நடுவில் அடுக்குகள் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் என் பேரைச் சொன்னால் நான் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நான் "அண்ணே" என்றால் அவர் சொல்ல வேண்டும். பதில் தாமதமானாலோ, நாக்கு தடித்த மாதிரி வந்தாலோ, ஏன் எதற்கு என்று கேட்காமல் போய்க் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட வேண்டும். கோல்டு ரூம் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

தொபியாஸ் அண்ணனால் சும்மா பேரை மட்டும் கூப்பிட முடியாது.

"லேய் பலவேசம்! ஒனக்கு லாட்டரி விழுந்திருக்காம்லே!"

"இருக்கேன்!"

"அப்பம் பாதி எனக்கு!"

"வரி போகத்தான் அண்ணே!"

அப்படிப் பேசிப் பேசியே பல வருஷம் போயிற்று. என் மனைவி செத்துப்போனதும், பிள்ளைகள் இல்லாத வீட்டைக் காலி செய்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்கு மாறியதும் அந்த வருஷங்களில்தான். நாள் முழுக்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தார். அதன் அருமை அப்போது தெரியவில்லை.

பிறகு காதுமூடி வந்தது.

சென்னையிலிருந்து நிரஞ்சனா என்று ஒரு பெண் கொண்டுவந்தாள். சின்ன வயசுதான். கேண்டீனில் எங்களை உட்கார வைத்து, கறுப்பாக, பஞ்சு வைத்த காதுமூடி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். குளிருக்கும் ஆச்சு, கதை கேட்கவும் ஆச்சு என்றாள்.

"என்ன கதைம்மா? சாமி கதையா?" என்று கேட்டான் கொம்பையா. எங்களில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான்.

"பேய்க்கதை மாதிரி. அஞ்சு பசங்க, காலேஜ் பசங்க. இழுத்து மூடின ஒரு காலேஜுக்குள்ள மாட்டிக்கிறாங்க. சின்னக் கதைதான். நீங்க ஒரு தடவை உள்ள போயிட்டு வர்ற நேரம்."

"வேலை நேரத்துல கதை கேக்கச் சொல்லுத மொத கம்பெனி இதுதான்வே" என்றான் கொம்பையா. எல்லாரும் சிரித்தோம்.

நிரஞ்சனாவும் சிரித்துவிட்டு விளக்கினாள். காதுமூடிக்குள் நாடி பார்க்கிற கருவி இருக்கிறதாம். குளிரில் தூக்கம் வருவதற்கு முன்னால் நெஞ்சு மெதுவாக அடிக்கத் தொடங்கும். பயந்தால் வேகமாக அடிக்கும். பயத்தை மருந்து மாதிரி கொடுத்தால் ஆள் தூங்க மாட்டான்.

"கதை உங்களக் கேட்டுக்கிட்டே இருக்கும். உங்க நெஞ்சு மெதுவாயிட்டா, கதையில ஒருத்தர் செத்துருவாங்க."

"யாரு?" என்று கேட்டேன்.

அவள் காதுமூடியைக் கீழே வைத்தாள். "யார் செத்தா நீங்க முழிப்பீங்களோ, அவங்க."

அது எப்படித் தெரியும் என்று தொபியாஸ் அண்ணன் கேட்டார். ஒவ்வொருவர் பேசும்போதும் நம் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று அது பார்த்து வைத்துக்கொள்ளுமாம். யார் குரலுக்கு நெஞ்சு துள்ளுகிறதோ அவரைக் குறித்துக்கொள்ளுமாம். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: அடுத்த நாளிலிருந்து ஒரு ரூமுக்கு ஒரு ஆள் போதும். தூங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் கதை இருக்கிறதே.

கதை மோசமான கதை. காட்டுக்குள்ளே மூடிக் கிடக்கிற இன்ஜினியரிங் காலேஜ். உள்ளே பூட்டி வைத்த தங்கள் சர்டிபிகேட்டுகளை எடுக்க ஐந்து பேர் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். சம்பளமும் கொடுக்காமல், போகவும் சொல்லாமல் காலேஜ்காரர்கள் விட்டுவிட்டுப் போன காவல்காரன் ஒருவன் இன்னும் உள்ளேயே இருக்கிறான். அவன் வருவது கடப்பாரைச் சத்தத்தில்தான் தெரியும். தரையில் இழுத்துக்கொண்டே வருவான். பிறகு அடிப்பான். எலும்பு உடைவது காதுக்குள்ளேயே கேட்கும். என் ரூமுக்குள் பெட்டிகளும் பனிப்புகையும்தான் இருந்தன என்றாலும், முதல் நாள் நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

டீ நேரத்தில் எல்லாருக்கும் அதே பேச்சாகிவிட்டது.

"ஒமக்கு இன்னைக்கு யாருவே செத்தா?"

"அந்தக் கண்ணாடிக்காரப் பய."

"எனக்கு மொட்டையன்தான் தெனமும் சாவுதான்" என்றான் கொம்பையா. "பேச்சு அப்படியே எம் மச்சினன் மாதிரி. அவன் சாவும்போது எனக்கு நெஞ்சு அடிக்கி பாரு, அது சந்தோஷத்துல. இந்த மிஷினுக்கு அது தெரியல. பயந்துட்டான்னு நெனச்சு மறுபடி மறுபடி அவனையே போட்டுத் தள்ளுது."

எனக்கு யார் செத்தார்கள் என்று கேட்டால் ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவைப்பேன். உண்மையைச் சொன்னதில்லை.

எனக்குச் செத்தது எழில். அந்த ஐந்து பேரில் ஒரு பெண். சுவர் ஏறியதும் "இருங்கப்பா, செருப்பு வார் பிஞ்சிருச்சு" என்பாள். பையில் பரோட்டாப் பொட்டலம் வைத்திருப்பாள். எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டு, "சாப்ட்டீங்களா? எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அழகான குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் சாப்பிட்டாயா என்று ஒரு குரல் காதோடு சேர்த்துக் கேட்டு எனக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் என் நெஞ்சு ஒரு அடி கூடுதலாக அடித்திருக்கும். கதை அதைப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவள்தான். காவல்காரன் மற்ற நான்கு பேரையும் தாண்டிக்கொண்டு அவளிடம் வருவான். "யாராவது இருக்கீங்களா? பேசுங்களேன்" என்று இருட்டில் அவள் கேட்பாள். நான் கையில் பெட்டியோடு நிற்பேன். கதை முடியும். நான் வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போவேன். அவள் மறுபடி உயிரோடு சுவர் ஏறுவாள், செருப்பு பிய்ந்துவிட்டது என்பாள்.

ஒருநாள் கப்பலுக்கு அவசரம் என்று லோடு குவிந்துவிட்டது. மூச்சு விட நேரமில்லாமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கோட்டுக்குள் வேர்த்தது. பாதி வழியில்தான் கவனித்தேன், இன்னும் யாரும் சாகவில்லை. கடப்பாரைச் சத்தம் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் வரவில்லை. நான் நிற்காமல் ஓடினேன். ஐந்து பேரும் சுவரைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். காக்கா கத்தியது. ஒரு டீக்கடை. அங்கே எழில் கேட்டாள், "எல்லாரும் இருக்கீங்கல்ல? சாப்ட்டீங்களா?"

இப்படி ஒரு முடிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"இல்லம்மா, இனிமேத்தான்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பெட்டிகளைத் தவிர யாரும் கேட்கவில்லை.

கணக்கு சுலபம். நெஞ்சு மெதுவானால் அவள் சாவாள். ஓடினால் நெஞ்சு மெதுவாகாது. ஆகவே ஓடினேன். தினமும், ஒவ்வொரு தடவையும். முழங்கால் வீங்கியது. அறைக்குப் போய்ச் சோறு பொங்கக்கூடத் தெம்பில்லாமல் பன் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனாலும் காலையில் வேலைக்குப் போக ஆசையாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஒரு பெண் உயிரோடு நின்று என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு நான் காரணமாக இருந்தேன். என் வாழ்க்கையில் நான் காரணமாக இருந்த காரியங்கள் அதிகமில்லை.

கதவுக்கு மேலே ஒரு சின்னத் திரை உண்டு. யார் எவ்வளவு வேகமாக அடுக்குகிறார்கள் என்று அதில் ஓடும். என் பேர் பச்சையில் மேலே ஏறிக்கொண்டே போனது. எழுத்துத் தெரியாததால் மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு காலையில் கேண்டீன் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சங்கத்து ஆபீஸில் நடந்த வகுப்புக்குப் போய் நான் எழுத்துக் கூட்டப் பழகி அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் அறிவிப்பு வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன், எல்லாரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

"கு, குளிர்... அறை... ஊழியர்... வேகம்..." என்று தொடங்கினேன்.

"சீக்கிரம் வாசியும் அண்ணாச்சி, டீ ஆறுது" என்றான் கொம்பையா.

ஒரு ஊழியர் தொடர்ந்து காட்டியிருக்கும் வேகம் எல்லாராலும் முடியும் என்று தெரிய வந்திருக்கிறதாம். இனி அதுவே எல்லாருக்கும் அளவாம். அதை எட்டாதவர்களை அடுத்த மாதம் முதல் வேலைக்கு எடுக்க இயலாதாம். கடைசி வரிக்கு வரும்போது என் குரல் இறங்கிவிட்டது.

"எவம்வே அந்தப் புண்ணியவான்?" கொம்பையா டீ கிளாஸை ஓங்கி வைத்தான். "எதுக்குவே இப்படி ஓடுதான்? அவனுக்கு என்ன கம்பெனிய எழுதி வைக்கப் போறாவளா?"

நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொபியாஸ் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து நின்றார். பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருமினார்.

"நீயாலே?"

"ஆமாண்ணே."

"காசுக்காவ ஓடுத ஆளு இல்லியே நீ. எதுக்கு?"

சொன்னேன். செருப்பு வார், பரோட்டாப் பொட்டலம், டீக்கடை எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஒலியால் செய்த பெண். ரத்தமும் கிடையாது, சதையும் கிடையாது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எனக்கும் வருவா அந்தப் பிள்ளை" என்றார். "சாவா. எனக்கு அஞ்சு பேரும் சாவுதாவ, ஒருத்தர் மிச்சமில்ல. ஒண்ணும் தோண மாட்டேங்கு. கடல்ல எங்கண்ணு முன்னால போனவன் எத்தன பேரு. அதுக்குப் பொறவு இந்தக் கடப்பாரச் சத்தம் என்ன செய்யும்? கடைசில காதுக்குள்ள மில்லுச் சங்கு மாதிரி ஊதி என்னைய எழுப்புது." ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "டீக்கடைக்கு வராவன்னு எனக்குத் தெரியாதே. அங்கன என்ன சொல்லுதா?"

"சாப்ட்டீங்களான்னு கேப்பா."

அவர் தலையை ஆட்டினார். "நீ ஓடுலே. அவ பொழச்சுக்கிடட்டும். எனக்கு ஆண்டவரு ஒரு வழி வச்சிருப்பாரு."

அந்த வழி எது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். லைன் வீட்டு அறையைக் காலி செய்துவிட்டு மூச்சு வாங்குகிற நெஞ்சோடு கடற்கரையில் நிற்பது.

அன்று மத்தியானம் நான் உள்ளே போய் மெதுவாக நடந்தேன்.

ஒரு பெட்டி எடுத்தேன், வைத்தேன். நின்றேன். இன்னொன்று எடுத்தேன். எழில் சுவர் ஏறினாள். செருப்பு பிய்ந்தது. பரோட்டா பிய்த்துக் கொடுத்தாள். கடப்பாரைச் சத்தம் நெருங்க நெருங்க, ஓடு ஓடு என்று கால் துடித்தது. தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "யாராவது இருக்கீங்களா? பேசுங்களேன்" என்றாள். நான் அங்கேதான் இருந்தேன், பேசவில்லை. பிறகு நடந்ததைக் கடைசிவரை கேட்டேன். காதுமூடியைக் கழற்றினால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், வேலை போகும். கேட்டுக்கொண்டே இன்னொரு பெட்டியை எடுத்து அடுக்கில் வைத்தேன்.

அடுத்த தடவையும் அப்படித்தான். அடுத்த நாளும். முதல் வாரம் ஒவ்வொரு சாவுக்கும் நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது. பிறகு பாதிக் குத்து. பிறகு ஒருநாள், அவள் கத்திக்கொண்டிருக்கும்போது பெட்டியில் ஒட்டிய லேபிள் கோணலாக இருப்பதைப் பார்த்து நான் அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் செத்ததிலேயே மோசமான சாவு அதுதான்.

எழிலால் பிரயோஜனம் இல்லை என்று கதைக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்காரனைக் கொன்று பார்த்தது, மொட்டையைக் கொன்று பார்த்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் எனக்கும் காதுக்குள் சங்கு ஊதியது.

திரையில் என் பேர் கீழே இறங்கியது. அந்த வேகம் எல்லாராலும் முடியாது என்று ஆனதும் ஒருநாள் அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். சுவரில் பசைத் தடம் மட்டும் இருந்தது. கொம்பையா எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். "அந்த ஓட்டக்காரப் பயலுக்குப் புத்தி வந்துட்டு போல" என்றான். எனக்கும் ஒரு வடை வந்தது. தின்றேன்.

கொஞ்ச நாளில் நிரஞ்சனா மறுபடி வந்தாள். என்னையும் தொபியாஸ் அண்ணனையும் மட்டும் கேண்டீனுக்குக் கூப்பிட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும்தான் கதை வேலை செய்யல அண்ணாச்சி. சங்கு ஊதி எழுப்புறது ஆபத்து. ஒருநாள் அதுக்கும் பழகிருவீங்க. அதான் புதுசா ஒண்ணு போடலாம்னு."

"எங்களுக்கு எந்தக் கதையும் வேண்டாம்மா" என்றார் அண்ணன். "ரெண்டு பேரா விட்டுருங்க, போதும். நாங்க கூப்பிட்டுக்கிடுவோம்."

"கூப்பிடுறதுன்னா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேசையில் இரண்டு காதுமூடிகளும் இருந்தன. பேர் சொல்வது, இருக்கேன் என்பது, பதில் வராவிட்டால் காலைப் பிடித்து இழுப்பது எல்லாவற்றையும் கேட்டாள். இதுவரை அதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. அண்ணன் எழுந்து நின்று நடித்தே காட்டினார்.

"லேய் பலவேசம்! ஒனக்கு லாட்டரி விழுந்திருக்காம்லே!"

"இருக்கேன்!"

"ஒருநா இவன் பதில் சொல்லலம்மா. போய்ப் பாத்தா பெட்டிக்கு நடுவுல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கான். விட்டேன் ஒரு அறை. வெளிய வந்து என்ன கேட்டான் தெரியுமா, லாட்டரில எவ்வளவுண்ணே விழுந்துதுங்கான்!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். நிரஞ்சனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு காதுமூடிகளையும் பைக்குள் எடுத்து வைத்தாள்.

"ரெண்டு பேரா விடச் சொல்லி நான் எழுதிப் பாக்குறேன் அண்ணாச்சி. என் கையில இல்ல" என்றாள். போகும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. களைப்பாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் காதுமூடிகள் திரும்பி வந்தன. நான் என் ரூமுக்குள் போனேன். அண்ணன் பக்கத்து ரூமுக்குள் போனார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான்.

அதே கதைதான் தொடங்கியது. அதே காடு, அதே சுவர். எழில் செருப்பு பிய்ந்துவிட்டது என்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு மொட்டை பேசினான்.

"ஏ, சத்தம் போடாதிய. உள்ள எவனோ கெடக்கான்."

தொபியாஸ் அண்ணனின் குரல். அதே இழுவை, வாக்கியத்தின் முடிவில் அதே இருமல். காலேஜ் பையனுக்கு இந்தக் குரலா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு பெட்டி வைத்தேன். தரையில் கடப்பாரை இழுபடத் தொடங்கியது.

"லேய் பலவேசம்!"

கதையில் அந்தப் பேரில் யாரும் கிடையாது.

"இருக்கேன்!" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"பலவேசம்! காலு மாட்டிக்கிட்டுலே! இழுத்து விடுலே!"

இது ஒலி என்று எனக்குத் தெரியும். அன்று கேண்டீனில் மேசைமேல் கிடந்த காதுமூடி எங்கள் சிரிப்பை எடுத்துக்கொண்டு போய் இதைச் செய்திருக்கிறது என்றும் அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், ஆள் மாட்டிக்கொண்டால் போய் இழுக்க வேண்டும். இத்தனை வருஷமாக என் உடம்பு படித்த சட்டம் அது ஒன்றுதான். நான் ஓடினேன். வீங்கிய முழங்காலோடு, தள்ளுவண்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினேன். கடப்பாரைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. திரும்பி வந்தது. இன்னும் வேகமாக ஓடினேன்.

வளைவில் வண்டி தகரச் சுவரில் இடித்து நின்றது. அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான், சுவரைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் ஒரு அதிர்வு தெரிந்தது. கடகடவென்று ஒரே சீராக வந்தது. பக்கத்து ரூமில் தள்ளுவண்டி ஓடிக்கொண்டிருந்தது.

தொபியாஸ் அண்ணனால் ஓட முடியாது. கேண்டீன் படி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷர். ஐந்து பேர் செத்தாலும் நெஞ்சு அசையாத ஆள். அவர் ஏன் ஓடுகிறார்?

அவர் காதில் யார் குரல் கேட்கிறது என்று அப்போது புரிந்தது.

"அண்ணே! நில்லுங்க! அண்ணே!" என்று சுவரை இரண்டு கையாலும் தட்டினேன். சக்கரம் இன்னும் வேகமாக உருண்டது. நான் தட்டியது அவருக்கு நான் தட்டியதாகக் கேட்டிருக்காது. கடப்பாரைக்காரன் கதவை உடைப்பதாகக் கேட்டிருக்கும்.

காதுமூடியைப் பிடுங்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்து ரூமின் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

பனிப்புகைக்குள் அவர் வந்துகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. காலை இழுத்து இழுத்து, வண்டியின் மேல் பாதி சாய்ந்து ஓடி வந்தார். "இருக்கேன்லே, வாரேன்லே, வாரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் காணவில்லை. நான் வண்டிக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றேன். நெஞ்சில் இடித்துத்தான் வண்டி நின்றது.

அவர் காதுமூடியை நானே கழற்றினேன்.

வெகுநேரம் மூச்சு வாங்கினார். என் கோட்டைப் பிடித்தார். தோளைத் தடவினார், பிறகு தலையைத் தடவினார், அங்கே ஏதோ உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி.

"லேய்... நீ உள்ள செத்துக்கிட்டு கெடந்தியேலே."

"நான் இங்கனதான இருக்கேன் அண்ணே."

அவரைப் பெட்டி மேல் உட்கார வைக்கவில்லை, சுவரில் சாய்த்து நிறுத்தினேன். காதுமூடிகள் இரண்டும் தரையில் கிடந்தன. அவற்றுக்குள்ளிருந்து பூச்சி மாதிரி சின்னதாகச் சத்தம் வந்தது. ஒன்றில் என் குரல் அண்ணே அண்ணே என்று கதறியது. மற்றதில் அவர் குரல் என் பேரைச் சொல்லிக் கெஞ்சியது. இப்போது அவற்றுக்குள் எந்த நெஞ்சும் அடிக்கவில்லை. நெஞ்சு அடிக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கதைக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

இருவரும் நின்று கேட்டோம். முதலில் நான் செத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர். பிறகு கடப்பாரை இழுபடும் சத்தம் தூரமாகப் போய் நின்றது.

அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சாவும்போது இப்படியாலே கத்துவ? கேக்கச் சகிக்கல."

"ஒங்க கத்தல் மட்டும் என்னண்ணே, கச்சேரியா?"

அவர் சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடித்தார். வெளியே நடையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கைப் பார்த்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இனி எங்கள் இருவருக்கும் இங்கே வேலை இருக்கப் போவதில்லை. அவருக்கு அறையும் இருக்காது. என் அறையில் இரண்டு பேர் படுக்கலாம், சுவரை ஒட்டிப் படுத்தால்.

"மிச்சம் கெடக்குத பெட்டிய அப்படியே விட்டுட்டுப் போவ முடியுமா?" என்றார். "நீ அந்தப் பக்கம் போ."

"நீங்க நில்லுங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்."

"போலே."

நான் அடுக்குக்கு அந்தப் பக்கம் போனேன். அவர் முகம் மறைந்தது. ஒரு பெட்டியை எடுத்தேன். காதில் வெறும் குளிர்தான் அடித்தது. கதவுக்குப் பின்னால் யாரோ கைப்பிடியைத் திருகினார்கள்.

"பலவேசம்!"

"இருக்கேன்."